திங்கட்கிழமைக்காரி

திங்கட்கிழமை வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாவு மில் நடத்துகிறவளுக்கு ஞாயிறு என்ன, திங்கள் என்ன என்று கேட்பீர்கள். என் மில்லுக்குப் பக்கத்துக் கடையில் லாரித் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்த அக்கா உங்களுக்கும் பக்கத்தில் இருந்திருந்தால் கேட்க மாட்டீர்கள். அவள் கிறிஸ்தவப் பெண். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அங்கே பாஸ்டர் சொன்னதை மறுநாள் கடையைத் திறந்ததும் செய்யக் கிளம்பிவிடுவாளே, வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

"ஞாயித்துக்கெழம கேட்டதத் திங்கக்கெழம செஞ்சுபோடோணும் அம்மிணி. செவ்வாக்கெழமன்னா மறந்துபோயிரும்" என்பாள். ஏதோ பால் பாக்கெட் கெட்டுப்போகிற மாதிரி.

எங்கள் கடைகள் இருப்பது திருச்செங்கோடு ரோட்டில், லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவே. ஒரு பக்கம் வெல்டிங் பொறி பறக்கும், ஒரு பக்கம் பெயின்ட் நாற்றம் மூக்கைத் துளைக்கும், நடுவில் என் மில் ஓடும். அந்தச் சத்தத்தில் பேசிப் பேசி என் தொண்டை ஒலிபெருக்கி ஆகிவிட்டது. நான் ரகசியம் பேசினாலும் எதிர் டீக்கடையில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அக்கா அப்படியில்லை. அவளும் அவள் வீட்டுக்காரரும் கடை வாசலில் பெரிய தார்ப்பாயை விரித்து, ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்து ஊசி நூலோடு கைத்தையல் போட்டுக்கொண்டே வருவார்கள். நடுவில் வந்து சேர்ந்ததும் அவர் எழுந்துபோய் இரண்டு டீ வாங்கி வருவார். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.

கடைக்கு வந்த புதிதில் நான் அவளைச் சந்தேகமாகத்தான் பார்த்தேன். நம்மை மதம் மாற்றத்தான் இவ்வளவு தன்மையாகப் பேசுகிறாள், இன்றைக்குக் கூப்பிடுவாள், நாளைக்குக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது என்று நன்றாக உறைக்கிற மாதிரி ஒன்றைத் தயாரித்தும் வைத்திருந்தேன். வருசங்கள் போயின. அவள் கூப்பிடவே இல்லை. கடைசியில் நானே கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க்கா, எங்களையெல்லாம் உங்க சாமி கணக்குலயே சேத்துக்கறதில்லீங்களா? ஒரு நாளாவது சர்ச்சுக்கு வான்னு கூப்பிட்டீங்களா?"

"நீ வந்தா, அங்க கேட்டத நான் திங்கக்கெழம செய்யறனான்னு பாத்துட்டே இருப்ப. எனக்குப் பயமா இருக்குது அம்மிணி" என்று சிரித்தாள்.

சிரிப்பு வேறு. எதிர்ச்சாரியில் மெஸ் நடத்திக்கொண்டிருந்த ஒருத்தி, லாரி நிறுத்துகிற இடத்தகராறில் அக்கா மேல் காட்டம் வைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவின எச்சில் தண்ணியைத் தினமும் அக்கா கடை வாசலில் கொண்டுவந்து ஊற்றுவாள். விரித்த தார்ப்பாயெல்லாம் சாம்பார் கறை. நான் ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு வாளித் தண்ணியை அவள் கல்லாப்பெட்டி வரைக்கும் திருப்பி ஊற்றிவிட்டேன். அதற்கு அக்கா என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அதுகூடப் போகட்டும். அடுத்த திங்கட்கிழமை அந்த மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிறவள் வரவில்லை, மத்தியானக் கூட்டம் நிற்கிறது. பார்த்தால் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கே உட்கார்ந்து குண்டான் தேய்க்கிறாள்!

"உங்களுக்கு ரோசம்னு ஒண்ணு இருக்குதா இல்லியாக்கா?" என்று ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து என் காதருகே சொன்னாள்: "இருக்குது அம்மிணி. நெறைய இருக்குது. அதைய அடக்கத்தான் போயித் தேச்சேன். அவளுக்காகன்னு நெனச்சியா?"

எச்சில் தண்ணி அதற்குப் பிறகு நின்றது. அதற்காக எனக்கு ஆத்திரம் தீர்ந்ததா என்றால் இல்லை.

இவ்வளவு பணிந்து போகிறவள், ஒரு சின்னப் பொய்யாவது சொல்லி நம்மைக் காப்பாற்றுவாளா? மாட்டாள். ஊரில் எந்த விழாவானாலும் வசூலுக்கு ஒரு கூட்டம் நோட்டீஸோடு வரும். ஒருமுறை அவர்களைத் தூரத்தில் பார்த்ததுமே நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, "நான் ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லீருங்கக்கா" என்றேன். வந்தவர்கள் அவளிடம் கேட்டார்கள்.

"அம்மிணி மூட்டைக்குப் பின்னால உக்காந்திருக்குதுங்க. உங்களப் பாக்கப் புடிக்கலியாட்ட இருக்குதுங்க" என்றாள்.

அடக் கெரகமே! மாவு படிந்த தலையோடு எழுந்து நின்றேன். வந்தவர்களுக்கு ஒரே சிரிப்பு. மன்னிப்பாள், பொய் சொல்ல மாட்டாள். அவள் இதுதான், இவ்வளவுதான். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் நாள் ஒன்று வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவள் சர்ச்சில் மூப்பராக, அதாவது சபை நிர்வாகத்தில், இருந்தவர் பெரிய லாரி முதலாளி. அவர் புதிதாக ஒரு வண்டிக்கு பாடி கட்டினார். தார்ப்பாய் அக்கா கடையில்தான் தைத்தது. வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நிறுத்தி, பாஸ்டர் முன் கண்ணாடியில் கை வைத்து ஜெபம் பண்ணினார். ஜெபம் முடிந்த கையோடு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். பெயின்டர் பிடிவாதம் பிடித்தானாம், யாரும் தடுக்கவில்லை. எல்லாருக்கும் லட்டு. முதல் ஓட்டம் ஓட்ட மூப்பரின் மகன் ஏறி உட்கார்ந்தான். கல்லூரியில் படிக்கிற பையன், கனரக வண்டி ஓட்டும் லைசென்ஸ் கிடையாது. சபையே கை தட்டி அனுப்பிவைத்தது.

அக்காவும் அவள் வீட்டுக்காரரும் தார்ப்பாயை ஒப்படைத்துவிட்டு மொபெட்டில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பைபாஸ் திருப்பத்தில் அதே லாரி பின்னால் வந்து இடித்தது. அக்கா ஓரத்து மண்ணில் விழுந்தாள். அவர் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டார். கேபினிலிருந்து பையன் இறங்கி, தலையில் கை வைத்துக்கொண்டு நின்றதை அவள் கண்ணால் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நான் ஓடியபோது பிணவறை வாசலில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பையன் வந்தான். வந்தான் என்ன, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அக்கா காலில் விழுந்தான். நான் செருப்பைக் கழற்றப் போனேன், பொய் சொல்லவில்லை. அக்கா அவன் தலையில் கையை வைத்தாள்.

"நான் மன்னிச்சுட்டேன் கண்ணு. நீயா போயிப் போலீசுல சொல்லீரு" என்றாள்.

அவர் உடம்பில் சூடு ஆறவில்லை, அதற்குள் மன்னிப்பு! மன்னிப்பதற்கு ஒரு நாள், நேரம், அளவு வேண்டாமா? அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை வரைக்கும்கூட இவள் பொறுக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

பையன் போலீஸுக்குப் போகவில்லை. அப்பன் அவனைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டார். ஸ்டேஷனில் போய் "நான்தானுங்க ஓட்டினேன்" என்று நின்றது அவரிடம் வேலை பார்க்கும் ஒரு டிரைவர். லாரித் தொழில் நடக்கும் ஊரில் இது யாருக்கும் புதிதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தது யாராக இருந்தாலும், லைசென்ஸ் வைத்திருக்கிற ஒருவன் போய்ப் பழியை ஏற்றுக்கொள்வான். அவன் குடும்பத்தை முதலாளி பார்த்துக்கொள்வார். அந்த டிரைவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் ஒன்று இருந்தது. விபத்து நடந்தபோது அந்த ஆள் தன் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பையன் வண்டியில் ஏறியதைச் சபை முழுக்கப் பார்த்தது. லட்டைத் தின்ற வாய் ஒன்றாவது திறந்ததா? ஒன்றுகூடத் திறக்கவில்லை. விசாரிக்க வந்தவர்களிடம் அக்கா மட்டும் ஓட்டினது டிரைவர் இல்லை என்று சொன்னாள். அதிர்ச்சியில் ஏதோ பேசுகிறாள் என்று தட்டிக் கழித்துவிட்டார்கள். இனிக் கோர்ட்டில் அவள் சொல்வதுதான் மிச்சம். டிரைவர் செய்யாத கொலைக்கு உள்ளே போவாரா மாட்டாரா என்பது அவள் ஒருத்தி வாயில் இருந்தது.

சாட்சிக்குக் கூப்பிடுகிற நாள் நெருங்கியதும் மூப்பர், அவர் மனைவி, பாஸ்டர் மூன்று பேரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக அக்கா கடைக்கு வந்தார்கள். அன்றைக்கும் திங்கட்கிழமைதான். மில்லில் ஒருவர் ராகியைக் கொட்டிவிட்டு நின்றிருந்தார். நான் மோட்டாரை நிறுத்தினேன்.

"ஏனுங், கரண்டு போயிருச்சுங்களா?" என்றார் அவர்.

"செத்த பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன்.

முதலில் ஜெபம் நடந்தது. நீளமான ஜெபம். பிறகு பாஸ்டர் தொடங்கினார்.

"மன்னிக்கறதுதானம்மா நமக்குக் கட்டளை."

"மன்னிச்சுட்டேனுங்களே ஐயா. ஆஸ்பத்திரியிலயே மன்னிச்சுட்டேன். நீங்களும் பக்கத்துல நின்னீங்களே."

"அப்பறம் கோர்ட்டுல பையன் பேரச் சொல்லப் போறதாப் பேச்சு வருதுங்களே?"

"யாரு ஓட்டுனாங்கன்னு கேட்டாச் சொல்லோணுமில்லீங்களா?"

மூப்பர் தொண்டையைக் கனைத்தார். பேசத் தெரிந்த மனுசர், பிரசங்கமே செய்கிறவர். "அம்மா, நான் ஒண்ணு சொல்றனுங்க. அந்த டிரைவர யாரும் கட்டாயப்படுத்தலீங்க. ஒருத்தன் குத்தத்த இன்னொருத்தர் சொமக்கறதுதானுங்க நம்ம விசுவாசமே. நமக்காக ஆண்டவரு சொமக்கலீங்களா? அது மாதிரி நெனச்சுக்குங்க."

எனக்குச் சுவரை உடைத்துக்கொண்டு போகலாம் போல இருந்தது. செத்தது அவள் புருசன். அவள் கும்பிடுகிற சாமியையே கொண்டுவந்து அவள் வாய்க்குப் பூட்டாக மாட்டுகிறார்கள்! அந்தப் பக்கம் தார்ப்பாய் நகரும் ஓசை வந்தது. பிறகு அக்கா பேசினாள், மெதுவாகத்தான்.

"ஆண்டவர யாருங்க சரண்டர் பண்ணச் சொல்லி அனுப்புனாங்க? அவரு தானாப் போனாருங்க. பெரியவரு சின்னவங்களுக்காகப் போயி நின்னாரு. நீங்க சின்னவரு ஒருத்தர உங்களுக்காக அனுப்பி வெச்சிருக்கீங்க. மகனுக்குப் பதிலா ஒருத்தரு நிக்கோணும்னா நீங்க போயி நின்னிருக்கலாமேங்க? அப்பன் நீங்கதானுங்களே?"

மூப்பரின் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். எட்டிப் பார்த்தேன். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க வவுறு எரியறது எனக்குத் தெரியுதுங்க. பையனக் கூட்டிட்டு வாங்க. அவனே போயிச் சொல்லட்டும். நானும் கூட வாரேன். அவனுக்காக ஜட்ஜய்யாகிட்டக் கெஞ்சறேன். ஆனா அந்த டிரைவருதான் ஓட்டுனாருன்னு சொல்ல என்னால முடியாதுங்க."

அவர்கள் கிளம்பிப் போனார்கள். ஆப்பிளை நான் ரோட்டில் போன மாட்டுக்குப் போட்டேன். ராகிக்காரருக்கு ஒன்றாவது கொடுத்திருக்கலாமே என்று அக்கா அதற்கும் வருத்தப்பட்டாள்.

கோர்ட்டுக்கு நான் மில்லைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். டிரைவர் கூண்டில் நின்றார். அக்கா சாட்சிக் கூண்டில் ஏறி, சத்தியம் செய்யச் சொன்னபோது, "அது இல்லாமயும் அதேதானுங்க சொல்லுவேன்" என்றாள். யாரோ சிரித்தார்கள். அரசு வக்கீல் ஓட்டினவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார்.

"இல்லீங்க சாமி. கூண்டுல நிக்கறவரு அன்னைக்கு அந்தப் பக்கமே வரலீங்க" என்றவள் மூப்பர் மகன் பேரைச் சொன்னாள்.

முதலாளி வைத்த வக்கீல் எழுந்தார். "மன்னிச்சுட்டேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களாமே? மன்னிச்சது உண்மைன்னா இப்ப எதுக்கும்மா பேரச் சொல்றீங்க?"

"அவன் பண்ணலைன்னா நான் எதைங்க மன்னிக்கறது?" என்று அவரையே திருப்பிக் கேட்டாள்.

வக்கீல் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே நின்றார்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், வெளியே வந்ததும் அவளைத் திட்டினது அந்த டிரைவர். கோர்ட் வாசலில், அத்தனை பேர் முன்னால்!

"உன்னைய யாரு கேட்டா? எனக்கு நல்லது பண்றதா நெனப்பா? என்ற புள்ள கல்யாணத்தக் கெடுத்துப்போட்டியே, நீ நல்லாருப்பியா?" என்று கத்தினார்.

நான் சேலையை வரிந்துகொண்டு முன்னால் போனேன். அக்கா என்னைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"கல்யாணப் பத்திரிகையில உங்க பேரு இருக்குமுங்க. 'ஆளக் கொன்னவன் மக'ன்னு அந்தப் புள்ளைய ஊரு பேச வேண்டாமுங்க" என்றாள்.

அவர் இன்னும் நான்கு வார்த்தை திட்டிவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தார்ப்பாய் வேலையை வேறு பக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள். சின்ன ஒட்டு வேலைகள் மட்டும் வந்தன. விரித்த தார்ப்பாயில் ஒரே ஓரத்திலிருந்து தொடங்கி மறு ஓரம் வரைக்கும் அவளே தைத்துக்கொண்டு போவாள். முடித்ததும் டீ வாங்கிவர ஆள் இல்லை. நான் போய் வாங்கி வருவேன். சர்ச்சில் அவள் உட்காரும் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை என்று கேள்விப்பட்டேன். "எதுக்குங்க்கா அங்க போறீங்க? மானங்கெட்டவங்க கூட்டம்" என்று சண்டை பிடித்தேன். "அது என்ன மூப்பர் ஊடா அம்மிணி? ஆண்டவரு ஊடு" என்றாள். மறுபடி விசாரணை நடந்தது. பெங்களூரிலிருந்து அழைத்து வந்த பையன், வக்கீல் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் விட்டுவிட்டு, நான்தான் ஓட்டினேன் என்று தானே ஒத்துக்கொண்டான். தண்டனை கொடுத்துச் சேலத்துச் சிறைக்கு அனுப்பினார்கள். காப்பாற்ற இவ்வளவு செய்தும் வாயைத் திறந்துவிட்டான் என்று அப்பனுக்கு ஆங்காரம். அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், பெண்டாட்டியையும் போய்ப் பார்க்க விடவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அக்கா கடையைத் திறக்காமல் வயர் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிறாள். கூடையில் பூவன் பழமும் பிஸ்கட்டும்.

"எங்கீங்க்கா?"

"சேலத்துக்கு. செயில்ல இருக்கறவங்களப் போயிப் பாக்கோணும்னு நேத்து சொன்னாங்க அம்மிணி."

"யாரு, அந்தப் பாஸ்டரா? அவரு போயிப் பாத்தாராமா?"

"சொல்றது அவரு பாடு. போறது நம்ம பாடு."

எனக்கு வந்த கோபத்தில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். "உங்க ஊட்டுக்காரரு மேல இருந்து பாத்தாக் காறித் துப்புவாருங்க்கா!"

அவர் இறந்தபோதுகூட என் முன்னால் அழாதவள், அந்த பஸ் ஸ்டாப்பில் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "அவரு இருந்தா அவரும் வந்திருப்பாரு அம்மிணி. பழத்த அவருதான் பாத்து வாங்குவாரு. எனக்குப் பழம் பாக்கத் தெரியாது."

கூடையைப் பார்த்தேன். தெரியாதுதான். பாதிப் பழம் காய், பாதி அழுகல். அப்படியே கொண்டுபோனாள். அதிலிருந்து சிறையில் பார்க்க விடுகிற திங்கட்கிழமையெல்லாம் சேலத்துக்குத்தான் பஸ். அந்த மன்னிப்பு, மன்னிப்பு என்று ஆப்பிளோடு வந்த கூட்டத்தில் ஒருவராவது அந்தச் சிறை வாசலை மிதித்திருப்பார்களா? அவள் மட்டும்தான் போனாள்.

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், தைத்துக்கொண்டிருந்த தார்ப்பாயின் மேலேயே அக்கா சாய்ந்துவிட்டாள். நான் மில்லை நிறுத்திவிட்டு ஓடிப்போய்த் தூக்கினேன். ஆட்டோவில் போகும்போதே மூச்சு நின்றுவிட்டது. நெஞ்சு என்று சொன்னார்கள்.

மறுநாள் உடலைச் சர்ச்சில் வைத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் முதல் முறையாக நான் அதற்குள் போனேன். மூப்பர் ஆள் உயரத்துக்கு மாலை கொண்டுவந்து போட்டார். பாஸ்டர் பேசினார். இந்தச் சகோதரி மன்னிப்பின் சிகரமாம், தன் கணவரின் மரணத்துக்குக் காரணமானவரையே மன்னித்தவளாம், நாமெல்லாம் அவளைப் போல மன்னிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். திரும்பத் திரும்ப மன்னிப்புதான். பேச்சு முடியப் போகிறது, கோர்ட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள். லட்டைத் தின்ற அதே தலைகள்.

என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"அவ சாட்சி சொன்னாளே, அதையும் சொல்லுங்க!"

மில் சத்தத்தில் பழகின தொண்டை. சர்ச் கூரையே அதிர்ந்த மாதிரி இருந்தது. "அம்மா, அமைதி, அமைதி" என்று யாரோ கையைக் காட்டினார்கள். அப்போது கதவோரத்திலிருந்து ஒரு ஆண் குரல், "ஆமாங்க. அதையும் சொல்லோணுமுங்க" என்றது. திரும்பிப் பார்த்தேன். அந்த டிரைவர், தன் மகளோடு நின்றுகொண்டிருந்தார்.

பாஸ்டர் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் மில்லைத் திறந்தேன். அக்கா கடைச் சாவி என்னிடம்தான் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், ஆணியில் வயர் கூடை தொங்குகிறது. உள்ளே ஒரு சீப்புப் பூவன் பழம், சனிக்கிழமை காலையிலேயே வாங்கி வைத்துவிட்டாள் போலிருக்கிறது. வழக்கம் போலப் பாதி காய், பாதி கருத்துப்போயிருந்தது. குப்பையில் போடக் கூடையைத் தூக்கினேன். போட மனசு வரவில்லை. மில்லைப் பூட்டிவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டுதான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் பையன் வந்து நின்றான். இளைத்திருந்தான். எனக்குப் பின்னால் தேடினான்.

"அத்தை வரலீங்களா?"

சொன்னேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். காவலர் எழுந்திரு என்று சொல்லியும் எழவில்லை. எனக்கு அழுகை வந்தது, அவனுக்காக இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "நீங்களும் என்னைய மன்னிச்சுட்டீங்களாக்கா?"

"இல்ல" என்றேன். "அந்தப் பழத்தத் தின்னு."

கருத்த பழத்தை உரித்து, ஒன்று கூட விடாமல், என் முன்னாலேயே தின்றான்.

நான் இன்னும் அவனை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதாகவும் இல்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை பஸ் ஏறுவதற்கு முன்னால் நானே பழக்கடைக்குப் போய், சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்ல பழமாக வாங்கினேன்.